முகத் தடிப்பும் ரத்தப் புற்றுநோயும்: களிம்பு எழுதும் முன் கவனிக்க வேண்டியவை

தோல் ஓபிக்குப் புதிதாக வரும் இளம் டாக்டர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைச் செய்கிறார்கள். முகத்தில் வருவதெல்லாம் புற்றுநோய் அல்ல. அது மிக அரிது. அரிது என்பதால்தான் தவறவிடுகிறோம்.

பெயர் தெரியாத தடிப்புக்கு ஸ்டீராய்டு

இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. குளச்சல் பக்கம் விசைப்படகில் போகிறவர் அவர். நெற்றியும் புருவமும் தடித்து, காது மடலில் முடிச்சுகள். "கடல் வெயிலு சாரே" என்றார். வெயில் அலர்ஜி என்று யாரோ பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுக்க, அப்புறம் சீட்டில்லாமலே மெடிக்கலில் வாங்கித் தேய்த்திருக்கிறார். நடுவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வேறு. தடிப்பு அமுங்கும், நிறுத்தினால் திரும்பும். பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது, எடுத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அறிக்கை. மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் டி செல் லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய் வகை என்று தெரிந்தது.

லிம்போமாவில் பெருகுவது லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள். ஸ்டீராய்டு அவற்றையே அடக்குகிறது. நோயாளிக்குக் குணமானது போலிருக்கும், மைக்ரோஸ்கோப்பில் தேட வேண்டிய அணுக்களோ குறைந்திருக்கும். களிம்புக்கு அடங்கியதால் அலர்ஜிதான் என்று முடிவு கட்டாதீர்கள். இந்த நோய் வருடக்கணக்கில் சாதாரணக் கரப்பான் தோல் நோய் போலவே நடமாடும். தடிப்பு திரும்பி வந்தால் களிம்பை மாற்ற வேண்டாம், பயாப்ஸி எடுங்கள். கத்தி பட்டால் பரவும் என்று வீட்டார் பயப்படுவார்கள். பரவாது என்று உட்கார்ந்து பேசிப் புரிய வையுங்கள்.

சிங்க முகம் என்றாலே தொழுநோய்

தொழுநோயிலும் முகம் இப்படிச் சிங்கம் போலத் தடிக்கும். உணர்ச்சி, நரம்புத் தடிப்பு, தோல் ஸ்மியர் (கிருமி தேடும் சோதனை) எல்லாம் பாருங்கள். ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

சிவப்புப் புள்ளியை அழுத்திப் பார்க்காதது

கண்ணாடித் துண்டால் அழுத்துங்கள். மறையாவிட்டால் தோலுக்கடியில் ரத்தக் கசிவு. பலமாக வாந்தி எடுத்தவருக்கும் கண்ணைச் சுற்றி வரும், சரி. அப்படி எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் ரத்த ஸ்மியரும் (மைக்ரோஸ்கோப்பில் அணுக்களைப் பார்ப்பது) பார்க்க வேண்டும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சத்துக்குக் கீழே என்றால் காரணம் தேடுங்கள்.

வாயைத் திறக்கச் சொல்லாதது

லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயின் சில வகைகளில் ஈறு வீங்கும். ரத்தம் பார்க்காமல் பல் பிடுங்க அனுப்பாதீர்கள்.

வெளிறிய முகத்துக்கு டானிக்

ரத்தப் பரிசோதனைக்கு முன் வேண்டவே வேண்டாம்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கோ அனுப்பும்போது, இதுவரை தேய்த்த டியூபையும் விழுங்கிய மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். எப்போது நிறுத்தினார் என்பதைச் சீட்டில் நீங்களே எழுதிவிடுங்கள்.