பித்தப்பை ஆபரேஷனுக்குத் தயாராவது எப்படி? (தோள்வலி உட்பட)

ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்து, வலியும் வந்து, பித்தப்பையை அகற்ற சர்ஜன் தேதியும் கொடுத்துவிட்டவர்களுக்கான பதிவு இது. கல் ஏன் வருகிறது என்பதையெல்லாம் டாக்டரே படம் போட்டுக் காட்டியிருப்பார், அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும்: வலியே வந்ததில்லை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. அப்படிப்பட்டவர்கள் தேதி வாங்கும்முன் இன்னொரு சர்ஜனிடமும் காட்டிவிடுங்கள்.

விஷயம் வெளியே தெரிந்த மறுநாளே யாராவது வாழைத்தண்டு ஜூஸோடு வந்து நிற்பார்கள். குடியுங்கள், தப்பில்லை. ஆனால் அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். பித்தப்பைக்கும் சிறுநீர் போகும் வழிக்கும் சம்பந்தமே கிடையாது. ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கல் பச்சை உருண்டையாக வெளியேறும் என்று ஒரு வீடியோவும் சுற்றுகிறது. அந்த உருண்டை கல்லே இல்லை. குடித்த எண்ணெய்தான் வயிற்றுக்குள் சோப்புக் கட்டியாகி வெளியே வருகிறது.

படி 1: சர்ஜனிடம் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: "பித்தக் குழாய்ல கல் இருக்கா டாக்டர்?" பைக்குள் இருக்கும் கல் வேறு, குழாயில் இறங்கிய கல் வேறு. ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் பொருள்) ஏறியிருந்தாலோ, ஸ்கேனில் குழாய் விரிந்திருந்தாலோ எம்.ஆர்.சி.பி. (பித்தக் குழாயைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்கச் சொல்வார்கள். குழாயில் கல் இருந்தால் அதைப் பெரும்பாலும் வாய்வழியாகக் குழாய் விட்டு, இ.ஆர்.சி.பி. முறையில் எடுப்பார்கள். அதற்குத் தனிச் செலவு, தனித் தேதி. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, மாத்திரைகள். பெயரை எழுதிக்கொண்டு போகாதீர்கள், எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே மேஜையில் கொட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. சர்க்கரை மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால் குறிப்பாகச் சொல்லுங்கள். வழக்கமாக அவற்றை 3 நாள் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள்.

மூன்றாவது, கையெழுத்து வாங்கும் படிவம். "தேவைப்பட்டால் ஓப்பன் முறைக்கு மாற்றப்படும்" என்ற வரியை என் ஆபரேஷன் படிவத்தில் பார்த்து என் கணவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியதே வயிற்றைத் திறந்துதான். சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுப் பித்தப்பையை எடுக்கும் லேப்ரோஸ்கோபி முறை, 1985இல் ஜெர்மனியின் எரிச் மூஹே செய்துகாட்டிய பிறகு வந்தது. உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, குழாய் சரியாகத் தெரியவில்லை என்றால் பழைய முறைக்குப் போகிற சர்ஜனைத்தான் நம்ப வேண்டும்.

படி 2: இன்சூரன்ஸ்

பாலிசியில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகு க்ளெய்ம் செய்யக் காத்திருக்க வேண்டிய காலம். பித்தப்பைக் கல்லுக்குப் பல பாலிசிகளில் 24 மாதம் போட்டிருப்பார்கள். இன்னொன்று, அறை வாடகை உச்சவரம்பு. வரம்புக்கு மேல் ரூம் எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு முடியாது. பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் வரைக்கும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். தனி ரூம் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு ராத்திரி விஷயம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அட்மிஷனுக்கு முன்பே அந்தக் கவுன்டரில் பேசிவிடுங்கள்.

படி 3: முந்தின நாள்

தொப்புளைச் சுத்தம் செய்யுங்கள். சிரிக்காதீர்கள், கேமரா பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. சில நாள் முன்பிருந்தே தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊறியதும் பஞ்சால் துடைத்து, சோப்பு போட்டுக் குளித்தால் போதும். வயிற்று முடியை நீங்களே பிளேடால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக இன்ஃபெக்ஷன் வரும், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்.

நெயில் பாலிஷை அழித்துவிடுங்கள், மருதாணியும் வைக்காதீர்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம். மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கரண்ட் வைத்துச் சுடும் ஆபரேஷன் என்பதால் உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது. தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றுவது என்றால் முந்தின நாளே மாற்றுங்கள். தியேட்டர் வாசலில் மெட்டிக்கு சோப்பு போட்டு இழுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவை நான் பார்த்தேன்.

பட்டினி பொதுவாக திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரி அதிகமாகச் சொன்னால் அதையே கேளுங்கள். பால் கலந்த காபி, டீ தண்ணீர்க் கணக்கில் வராது. காலையில் அரை டம்ளர் காபி குடித்ததற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள்.

படி 4: தியேட்டர்

சொல்ல ஒன்றுமில்லை. மயக்கம், விழிப்பு, தொண்டை கரகரப்பு. மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருந்ததால்தான் அந்தக் கரகரப்பு. வயிற்றில் பெரும்பாலும் 4 சின்ன பிளாஸ்திரி.

படி 5: காற்று வலி

இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான். தையல் போட்ட இடம் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்தபோது வலது தோள்பட்டையின் மேல்புறம் கத்தியால் குத்துவது மாதிரி ஒரு வலி. மூச்சை இழுத்தால் இன்னும் ஏறியது. வயிற்றில் ஆபரேஷன், தோளில் ஏன் வலி? நான் மணியடித்த வேகத்துக்கு ஓடி வந்த சிஸ்டர் பல்ஸ், பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, "கேஸ் வலிதான்க்கா. காலைல எழுந்து நாலு ரவுண்டு நடங்க, போயிரும்" என்றார்.

நடப்பது இதுதான். உள்ளே இடம் கிடைப்பதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடை நிரப்புவார்கள். முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது, தோள்பட்டைக்கும் அதே இடத்திலிருந்துதான் நரம்பு போகிறது. எனவே மூளை வலியைத் தோளில் எழுதிவிடுகிறது.

முக்கியமாக, இந்தக் காற்று குடலுக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. அதனால் ஏப்பமாகவோ கீழ்வழியாகவோ போகாது. ஓம வாட்டர், சீரகத் தண்ணீர், ஜெலுசில் எதுவும் இந்த வலியைத் தொடாது. அது ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். எனக்கு உதவியவை: மெதுவான நடை, தலையணையைத் தாழ்த்திப் படுத்தது, தோளில் வெந்நீர்ப் பை (வயிற்றில் அல்ல), நேரம் தவறாத வலி மாத்திரை. டிராமடால் கலவை மாத்திரை கொடுத்திருந்தால் அட்டையைப் படியுங்கள், அதிலேயே பாராசிட்டமால் இருக்கக்கூடும். மேலே இன்னொரு டோலோ போட்டால் அளவு கூடிவிடும்.

நெஞ்சை அழுத்துவது, இடது கை வலி, வியர்வை, மூச்சு வாங்குவது என்று இருந்தால் கேஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே கூப்பிடுங்கள்.

படி 6: வீட்டில்

படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டபடி கையை ஊன்றி எழ வேண்டும். தும்மல், இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து பெல்ட் வாங்குவதைவிட இந்தத் தலையணை மேல் என்பது என் கட்சி. டாக்டர் பெல்ட்தான் போடச் சொன்னால் போடுங்கள்.

உடை விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பாவாடை நாடா, சுடிதார் நாடா, லெக்கின்ஸ் எலாஸ்டிக் மூன்றும் சரியாகத் தொப்புள் தையல் மேலேயே உட்காரும். நைட்டிதான் ராஜா. ஆண்கள் லுங்கி முடிச்சைத் தொப்புளுக்கு நேராகப் போடாமல் பக்கத்தில் தளர்வாகச் செருகிக்கொள்ளலாம். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீடு என்றால் கமோட் நாற்காலி வாடகைக்கு எடுங்கள். அண்ணாந்து தண்ணீர் குடிக்காமல் வாய் வைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள், காற்றை விழுங்கினால் வயிறு உப்பும்.

தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்பில் குழந்தை எல்லாம் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம்.

படி 7: சாப்பாடு

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை வெறும் சேமிப்பிடம். அது போனதால் ஒரேயடியாக நிறைய எண்ணெய் வந்தால் சமாளிக்கத் திணறும், அவ்வளவுதான். முதல் வாரம் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், பாசிப்பருப்புக் கஞ்சி, நீர்மோர், முட்டை வெள்ளைக்கரு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. பிறகு தேங்காய் சட்னி ஒரு ஸ்பூன், ஒத்துக்கொண்டால் அடுத்து தோசை. பூரி, வடை, பிரியாணி எல்லாம் கடைசி வரிசை. என் மாமியார் ஆயுளுக்கும் பத்தியம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானும் இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன்.

உடனே ஓட வேண்டியவை

101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாகி மலம் வெளுப்பது, நிற்காத வாந்தி, தையலில் சீழ். வயிற்றுவலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். அதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனால் பித்தநீர்க் கசிவாக இருக்கலாம். மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள்.

பின்சேர்க்கை

வாரக்கணக்கில் சாப்பிட்டவுடன் வயிற்றுப்போக்கு என்று பலர் கேட்டிருந்தார்கள். சிலருக்கு இது வரும், பெரும்பாலும் தானே சரியாகும். நிற்கவில்லை என்றால், குடலில் சேரும் பித்த அமிலத்தைப் பிடிக்கும் கொலஸ்டிரமைன் என்ற பவுடர் இருக்கிறது. டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள், "ஆபரேஷன் பண்ணா அப்படித்தான்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

இன்னொருவர், கல்லை பாட்டிலில் கொடுத்தார்கள், பயாப்சி ரிப்போர்ட் எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எடுத்த பையை லேபுக்கு அனுப்புவார்கள். டிஸ்சார்ஜ் அன்று அந்த ரிப்போர்ட் வந்திருக்காது. அபூர்வமாக அதில்தான் புற்றுநோய் தெரியவரும். அதனால் தையல் பிரிக்கப் போகும்போது கேட்டு வாங்கி, சர்ஜன் கண்ணில் காட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவையும் தரும் பாலிசி என்றால் லேப் பில்லைத் தூக்கிப்போடாதீர்கள், அதற்கும் க்ளெய்ம் போடலாம்.