ஃப்ளோரிடாவில் வீட்டு மருத்துவச் சாதனக் கடை: உரிமத்துக்குத் தயாராவது எப்படி?

இந்த விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஃப்ளோரிடாவில் சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி போன்றவற்றை வீடுகளுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாநில அரசின் சுகாதாரப் பராமரிப்பு நிர்வாக முகமையின் (AHCA) உரிமம் வேண்டும். 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நிர்வாகிக்கும் நிதிப் பொறுப்பாளருக்கும் கைரேகையோடு பின்னணிச் சோதனை உண்டு. அதை முதலில் முடித்துவிடுங்கள்.

மெடிக்கேருக்கு (முக்கியமாக முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) பில் போடப் போகிறீர்கள் என்றால் வேலை இரட்டிப்பு. என்பிஐ எண் (மருத்துவச் சேவை தருவோருக்கான தேசிய அடையாள எண்), தரச்சான்று, பொதுவாக 50,000 டாலர் ஜாமீன் பத்திரம், 3 லட்சம் டாலருக்குக் குறையாத பொறுப்புக் காப்பீடு, அப்புறம் மெடிக்கேரில் சாதன விற்பனையாளராகப் பதிவதற்கான சிஎம்எஸ்-855எஸ் படிவம். எல்லாத் தாளிலும் கடையின் பெயரும் முகவரியும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும்.

காகிதத்தைவிடக் கடையைத்தான் நான் அதிகம் குடைவேன். பெரும்பாலான கடைகளுக்கு 200 சதுர அடியாவது இடம், வெளியே தெரிகிற பெயர்ப்பலகை, திறந்திருக்கும் நேரம் எழுதிய அட்டை, வாரத்துக்கு 30 மணி நேரமாவது கடை திறந்திருப்பது, இத்தனையும் மெடிக்கேர் விதி. ஆய்வாளர் சொல்லாமல்தான் வருவார். "சாப்பிடப் போயிருந்தோம்" என்பதெல்லாம் எடுபடாது, கதவு பூட்டியிருந்தது என்றுதான் எழுதுவார். செல்போனை மட்டும் காட்டினால் போதாது. கடையின் பெயரில் பதிவான தொலைபேசி எண் வேண்டும்.