டீசல் தொட்டியின் அடர்த்தி உணரியைச் சரிபார்த்தல்

குளச்சல், தக்கலை போன்ற இடங்களில் உள்ள பெட்ரோல் பங்குகளில், லாரி டீசலை இறக்கிய கையோடு அடர்த்தி உணரியைச் சரிபார்க்கத் தொடங்குவது தவறு. டீசல் அடங்கவும் நிலைமின்னூட்டம் தணியவும் நேரம் கொடுங்கள். கன்னியாகுமரி இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால், தொட்டியின் அடியில் நீர் சேர்ந்துள்ளதா என்று முதலில் பாருங்கள். பிறகு, உணரி இருக்கும் மட்டத்திலிருந்தே பருத்திக் கயிற்றில் (நைலான் கூடவே கூடாது) மாதிரி எடுத்து, ஜாடியில் ஊற்றி, கடற்காற்று படாத நிழலில் வைத்து, ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் மிதவை) ஜாடியின் சுவரைத் தொடாமல் மிதக்கும்போது கண்ணைத் திரவ மட்டத்துக்குத் தாழ்த்தி அளவைப் படித்து, அப்போதே வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: 15 டிகிரி செல்சியஸில் கன மீட்டருக்கு 830 கிலோ உள்ள டீசல், 30 டிகிரியில் ஏறக்குறைய 820தான் காட்டும். ஆகவே உணரியின் அளவு, ஹைட்ரோமீட்டரின் அளவு இரண்டையும் வெப்பநிலைத் திருத்த அட்டவணைப்படி 15 டிகிரிக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறுபட்டால் மறுமாதிரி எடுங்கள்; அதுவும் அதே வேறுபாட்டைக் காட்டினால் மட்டும் உணரிக்கான திருத்த எண்ணை உள்ளிட்டு, பதிவேட்டில் எழுதுங்கள்.