வீட்டில் கர்ப்பப் பரிசோதனை எந்த நாளில் செய்வது? (மாதவிலக்கு தேதி தவறி வருபவர்களுக்கும்)

கிட்டில் எத்தனை சொட்டு விட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதெல்லாம் அட்டையிலேயே படம் போட்டு இருக்கும், அதை இங்கே திரும்ப எழுதவில்லை. எந்த நாளில் செய்வது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறோம். "நாள் தள்ளிப்போன முதல் நாளிலிருந்து" என்று அட்டை சொல்லும். எனக்கு ஒரு மாதம் சரியாக வரும், அடுத்த மாதம் ஒரு வாரம் இழுக்கும். அப்படியிருக்க, தள்ளிப்போயிருக்கிறதா, இல்லை எப்போதும் போல தாமதமா என்று எப்படிச் சொல்வது? அதற்கு நான் கண்டுகொண்ட வழிதான் இது.

படி 1: கிட் எதைத் தேடுகிறது

எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு கருப்பையின் சுவரில் பதியத் தொடங்கிய பிறகுதான் அது ரத்தத்திலும் சிறுநீரிலும் தெரியும். கருமுட்டை வெளியானதிலிருந்து கரு பதிய 6 முதல் 12 நாள் ஆகலாம், பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 10 நாளுக்குள் நடக்கும். ஆரம்பத்தில் மிகக் குறைவாக இருக்கும், பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இன்று 7 யூனிட் என்றால் இரண்டு நாளில் 14, இன்னும் இரண்டு நாளில் 28. பல கிட்டுகள் 25 இருந்தால்தான் கோடு காட்டும். ஒரே கருவுக்குத் திங்கட்கிழமை "இல்லை" என்றும் வெள்ளிக்கிழமை "ஆம்" என்றும் வருவது இதனால்தான், கிட் மேல் குற்றமில்லை.

படி 2: உங்கள் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்றால் வர வேண்டிய தேதிக்கு மறுநாள் செய்யலாம். அவசரமில்லை என்றால் ஒரு வாரம் கழித்துச் செய்யுங்கள், அப்போது வரும் பதிலை நன்றாகவே நம்பலாம்.

ஒழுங்காக வருவதில்லையா? கடைசி ஆறு மாதத் தேதிகளை எடுங்கள். ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை எண்ணுங்கள். 28, 33, 30, 36 என்று வந்தால் சராசரி போடாதீர்கள், மிக நீளமானதை எடுங்கள். 36 நாள் என்றால் 37ஆம் நாள்தான் உங்களுக்கு "தள்ளிப்போன முதல் நாள்". செல்போன் ஆப் சராசரியை வைத்துத்தான் தேதி சொல்கிறது என்றால், அந்தத் தேதியை நம்பிக் கிட்டைப் பிரிக்க வேண்டாம்.

தேதியே குறித்து வைக்கவில்லை, அல்லது மாதவிலக்கு எப்போது வரும் என்றே சொல்ல முடியாது என்றால் மாதவிலக்கை விட்டுவிடுங்கள். கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். ஏன் 21 என்று புரிந்துகொண்டால் மறக்காது: விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கலாம், அதன் பிறகு கருமுட்டை வெளியாகி கரு பதிய அதிகபட்சம் 12 நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஹார்மோன் கிட்டுக்குத் தெரியும் அளவுக்கு ஏற இன்னும் மூன்று நான்கு நாள். கூட்டிப் பாருங்கள், 21 பக்கம் வந்து நிற்கும். எனக்கு இந்தக் கணக்குதான் கைகொடுத்தது, இன்றும் கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

படி 3: எந்தக் கிட்

சொட்டு விடும் சாதாரணக் கிட் போதும். எழுத்தில் பதில் காட்டும் டிஜிட்டல் வகைக்குக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அட்டையில் 10, 25 என்று எண் போட்டிருந்தால் சிறிய எண்தான் நுட்பமானது. காலாவதித் தேதியைப் பாருங்கள், சோதனை செய்யும்போதுதான் உறையைப் பிரியுங்கள்.

படி 4: செய்வதும் படிப்பதும்

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர், குறிப்பாக ஆரம்ப நாட்களில். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் செய்தால் ஹார்மோன் நீர்த்துப்போகும். அட்டையில் சொன்ன நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அப்போதே பாருங்கள். "சி" பக்கம் கோடு வராவிட்டால் சோதனையே செல்லாது. "டி" பக்கம் மங்கலாக இருந்தாலும் நிறம் இருந்தால் "ஆம்" என்றே எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்து, நிறமில்லாமல் சாம்பலாக ஒரு கோடு தெரிந்தால் அது ஈரம் உலர்ந்த தடமாக இருக்கலாம். குப்பையில் போட்ட கிட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

"இல்லை" என்று வந்தும் மாதவிலக்கு வரவில்லையா? மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் இல்லை, மாதவிலக்கும் இல்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், தைராய்டோ சினைப்பை நீர்க்கட்டியோ காரணமாக இருக்கலாம்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த சிலர் கேட்டவை. குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டை வெளிவர எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் அந்த ஊசி மருந்தே இரண்டு வாரம் வரை "ஆம்" காட்டும், உங்கள் மருத்துவர் சொன்ன நாளில் மட்டும் செய்யுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் மாதவிலக்கு திரும்பும் முன்பே கருத்தரிக்க முடியும், அவர்களுக்கும் 21 நாள் கணக்குதான். அவசரக் கருத்தடை மாத்திரை போட்டால் அடுத்த மாதவிலக்கு முன்பின்னாக வரலாம், அங்கேயும் 21 நாள். கருத்தடை மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ கிட்டின் பதிலை மாற்றாது. கருச்சிதைவுக்குப் பிறகு சில வாரம் வரை கோடு வந்துகொண்டிருக்கலாம்.

நாள் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாத ஒரு நிலையும் உண்டு. "ஆம்" வந்திருந்தாலும், கருத்தரித்திருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, ரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். இரண்டாவது கிட் வாங்கக் கிளம்பாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.