13 குறைந்து 15 கூடினால் 2 மிச்சமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி அறிவியல் கண்காட்சிக் காலம் வந்துவிட்டால், செம்பனைத் தோட்டத்து எலி, அதைப் பிடித்துத் தின்னும் கூகை என்னும் ஆந்தை, ஆற்றுநீர் எல்லாம் காட்சி அட்டையில் ஏறிவிடும். கணக்கைச் சரிபார்க்கப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். எண்ணுவதில் கெட்டிக்காரர்கள். கூடியது, குறைந்தது என்று எழுதும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல், ஏற்றத்தையும் இறக்கத்தையும் அப்படியே கூட்டிக் கழிப்பது. மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015இல் 19.96 மில்லியன் டன். பசிபிக் கடல்நீர் சூடேறுவதால் வரும் எல் நினோ வறட்சிக்குப் பின் 2016இல் 17.32 மில்லியனாக விழுந்தது, 13.2 விழுக்காடு இறக்கம். 2017இல் 15 விழுக்காடு ஏற்றம். "அப்படியென்றால் 2015ஐவிட ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதல்" என்று எழுதி வந்தாள் ஒரு மாணவி. இல்லையம்மா, 2017இன் உற்பத்தி 19.92 மில்லியன், பழைய அளவைக்கூடத் தொடவில்லை. இறக்கத்தை 19.96ஆல் வகுத்தோம், ஏற்றத்தை 17.32ஆல் வகுத்தோம். வகுக்கும் அடிப்படை அளவே மாறிவிட்டது. இதனால்தான் ஆய்வாளர்கள் பிந்தைய அளவை முந்தைய அளவால் வகுத்து இயல் மடக்கை (கணிப்பானில் ln பொத்தான்) எடுக்கிறார்கள். இறக்கம் −0.142, ஏற்றம் +0.140. இவற்றைத் தாராளமாகக் கூட்டலாம்: −0.002.

மடக்கைக்கும் ஓர் இடறல் உண்டு. எலியைக் கட்டுப்படுத்தக் கூகை கூடுகட்ட வைக்கும் பெட்டிகளில் சென்ற ஆண்டு குஞ்சுகள் சுழியம், இவ்வாண்டு 2 என்றால், சுழியத்தால் வகுக்க முடியாது; விழுக்காடும் வராது, மடக்கையும் வராது. எண்ணிக்கையை அப்படியே எழுதிவிட வேண்டியதுதான்.

நூறு குலைகளில் எலி கடித்தவை 10இலிருந்து 5 ஆனால், சேதம் 50 விழுக்காடு குறைந்தது. அல்லது, 10 விழுக்காடு 5 விழுக்காடு ஆனதால், 5 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. "5 விழுக்காடு குறைந்தது" என்பது பிழை. ஆற்றுநீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 6இலிருந்து 5க்கு இறங்கினால் "17 விழுக்காடு குறைவு" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது மடக்கை அளவுகோல். ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு ஏறியிருக்கிறது!

எலித்தொல்லை உச்சத்தில் இருக்கும் பகுதியாகப் பார்த்துக் கூகைப் பெட்டி வைப்பார்கள். உச்சம், பெட்டி இல்லாவிட்டாலும், அடுத்த ஆண்டு பெரும்பாலும் சற்றுத் தணியும். பாராட்டு கூகைக்குப் போய்விடும். பெட்டி வைக்காத, அதே அளவு தொல்லையுள்ள இன்னொரு பகுதியையும் எண்ணவேண்டும். அதுவும் நன்றாகத் தள்ளி இருக்கவேண்டும். கூகை எல்லைக்கல் பார்த்துப் பறப்பதில்லை.

கடைசியாக வந்த பையனின் அட்டையில் "எலிகள் பெருகின" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சென்ற ஆண்டு ஒரு வாரத்தில் 6 எலி, இவ்வாண்டு ஒரு வாரத்தில் 15. எத்தனை பொறி வைத்தாய் என்றேன். அப்போது 4, இப்போது தாத்தா கொடுத்ததையும் சேர்த்து 12 என்றான். பொறிக்கு 1.5 எலி, 1.25 ஆகியிருக்கிறது. பசை காய்வதற்குள் தலைப்பைப் பிய்க்கத் தொடங்கினான்.