இத்தாலிய மொழியின் இம்பெர்ஃபெத்தோ: ‘ரே’யை வெட்டுங்கள், பாதி வேலை முடிந்தது

இத்தாலிய மொழியின் இறந்தகால வடிவங்களில் உருவாக்கச் சுலபமானது இம்பெர்ஃபெத்தோதான். எங்கே போடுவது என்பதில்தான் தடுமாற்றம் வரும். அதனால் வடிவத்தைச் சட்டென்று முடித்துவிடுவோம்.

படி 1: அகராதி வடிவத்தின் கடைசி ‘ரே’யை மட்டும் நீக்குங்கள். அதற்கு முந்தைய உயிரெழுத்தைத் தொட வேண்டாம். பர்லாரே (பேசு), வீவெரே (வசி), தொர்மீரே (தூங்கு) மூன்றுக்கும் இதே வழி.

படி 2: விகுதியைச் சேருங்கள். பேசு என்பதற்கு:

நான் – பர்லாவோ
நீ – பர்லாவி
அவன், அவள் – பர்லாவா
நாங்கள் – பர்லவாமோ
நீங்கள் – பர்லவாத்தே
அவர்கள் – பர்லாவனோ

மற்ற இரண்டும் விவேவோ, தொர்மீவோ என்று இதே விகுதிகளோடு போகும். நிகழ்காலத்தில் ஃபினிஸ்கோ என்று வளைந்து நெளியும் ஃபினீரே (முடி) கூட இங்கே சமர்த்தாக ஃபினீவோ ஆகிவிடும். முக்கியமாக முரண்டு பிடிப்பது எஸ்ஸெரே (இரு): ஏரோ, ஏரி, ஏரா, எரவாமோ, எரவாத்தே, ஏரனோ. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

படி 3: அழுத்தம். கடைசி எழுத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். நான் நெடில் போட்ட இடத்தில்தான் அழுத்தம். பலர் ‘பர்லவானோ’ என்று இழுப்பார்கள். அது தவறு, பர்லாவனோ.

படி 4: எப்போது? பழைய வழக்கத்தைச் சொல்லும்போது. “ஓஞ்ஞி எஸ்தாத்தே அந்தவாமோ அல் மாரே” – ஒவ்வொரு கோடையிலும் கடலுக்குப் போவோம். நாமும் பழங்கதை பேசும்போது ‘போனோம்’ என்பதைவிடப் ‘போவோம்’ என்றுதானே சொல்கிறோம்? அப்படித் தோன்றும் இடத்தில் தைரியமாக இம்பெர்ஃபெத்தோ போடலாம்.

‘கொண்டிருந்தேன்’ வரும் இடமும் இதற்குத்தான். “மென்த்ரே மன்ஜாவோ, எ அர்ரிவாத்தோ மார்கோ” – சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மார்கோ வந்தான். சாப்பாடு பின்னணி, இம்பெர்ஃபெத்தோ. வந்தது ஒரே நிகழ்ச்சி, அதற்கு முடிந்துபோனதைச் சொல்லும் இன்னொரு இறந்தகால வடிவமான பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ. அப்புறம் அன்றைய வயது, வானிலை, மணி, ஆளின் தோற்றம் எல்லாமே இம்பெர்ஃபெத்தோவின் கணக்கு. காப்பிக் கடையில் “வொலேவோ உன் கஃப்பே” (ஒரு காப்பி வேண்டும்) என்று கேட்பதும் உண்டு. அங்கே இறந்தகாலம் இல்லை, வெறும் பணிவு.

ஒரு பொறி: நீண்ட காலம் நடந்தாலே இம்பெர்ஃபெத்தோ என்று நினைக்காதீர்கள். ‘ரோமில் 10 வருடம் வசித்தேன்’ என்று கால அளவைச் சொல்லி முடித்துவிட்டால் விவேவோ வராது. “ஓ விஸ்ஸூத்தோ” என்ற பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோதான் வரும்.