ஆர்சிடி (ரூட் கெனால் சிகிச்சை) சொல்லிக் கொடுக்கப் போறீங்களா? ரோட்டரி மோட்டார முதல்ல அலமாரில வச்சுப் பூட்டுங்க

பிரிகிளினிக்கல் லேப்ல (பேஷண்டத் தொடுறதுக்கு முன்னாடி பயிற்சி எடுக்குற இடம்) ரூட் கெனால் சொல்லிக் கொடுக்கப் போற ஜூனியர் ஸ்டாஃப், முதுநிலை படிக்கிற பிஜிக்களுக்காக இத எழுதுறேன். பசங்க முத நாளே கேப்பாங்க, "ரோட்டரி எப்ப தருவீங்க"ன்னு. ரோட்டரின்னா ஃபைல, அதாவது வேருக்குள்ள இருக்குற கெனாலச் சுரண்டுற ஊசி மாதிரி கருவிய, மோட்டார்ல சுழட்டுறது. இப்போதைக்குத் தராதீங்க. கெனாலுக்குள்ள நடக்குறது கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்கு மட்டும்தான் தெரியும், அந்த உணர்வே வராத கையில மோட்டார கொடுத்தா ஃபைல் உடையும் இல்ல கெனாலோட ஷேப் போயிடும், எப்படிப் போச்சுன்னு பையனுக்குக் கடைசி வரைக்கும் புரியாது.

முதல்ல பல்லு ரெடி பண்ணுங்க. பிளாஸ்டிக் பிளாக் ஷேப் எப்படி மாறுதுன்னு பாக்க நல்லாருக்கும், ஆனா ஃபீல் டென்டின் (எனாமலுக்கு உள்ள இருக்குற பல் பகுதி) மாதிரி வராது, அதனால எடுத்த பல்லுதான் வேணும். சுத்தம் பண்ணி ஆட்டோகிளேவ் பண்ணிக்கோங்க, அமால்கம் (மெர்குரி கலந்த உலோகம்) அடைச்ச பல்ல மட்டும் அதுல போடாதீங்க, மெர்குரி ஆவி வரும், அத 10% ஃபார்மலின்ல 2 வாரம் போட்டு வைக்கலாம். வரிசை எப்பவும் போலதான்: மேல் சென்ட்ரல் (நடு முன்பல்), அப்புறம் பிரீமோலார் (முன் கடைவாய்ப்பல்), மோலார் (கடைவாய்ப்பல்) கடைசியா.

பர் (பல்லக் குடையுற துளைப்பான்) எடுக்க முன்னாடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க, நேரா ஒண்ணு பக்கவாட்டுல ஒண்ணு. பேஷண்ட் வாயில அந்தப் பக்கவாட்டு வியூ கிடைக்கவே கிடைக்காது, லேப்ல இருக்கும்போதே பாத்துக்கட்டும். மோலார்னா கஸ்ப்ல (பல்லோட மேட்டு நுனி) இருந்து சேம்பர் (பல்லு நடுவுல இருக்குற அறை) கூரை வரைக்கும் எக்ஸ்ரேல அளந்து, அந்த ஆழத்த பர் மேலயே மார்க்கர்ல கோடு போடச் சொல்லுங்க. கூரை பெரும்பாலும் சிஇஜே (எனாமலும் வேரும் சேர்ற கோடு) மட்டத்துலதான் இருக்கும், கோடு தாண்டியும் கூரை உடையலன்னா அங்கேயே நிறுத்திட்டு பர் சரிஞ்சு போகுதான்னு பாக்கணும், இன்னும் கொஞ்சம் தோண்டலாம்னு போறப்பதான் பெர்ஃபரேஷன் (தப்பான இடத்துல ஓட்டை) ஆகுது.

என்னக் கேட்டா பாதி நேரத்த ஆக்சஸுக்கே (கெனால் வாய் வரைக்கும் பல்லத் திறக்குற வேலைக்கு) கொடுங்க, பின்னாடி வர்ற தப்புல நிறைய இங்கதான் ஆரம்பிக்குது. கூரை உடைஞ்சதும் ரவுண்ட் பர்ர கீழ வச்சுட்டு நுனி வெட்டாத பர்ரால சுவரத் திறக்கச் சொல்லுங்க, தரையத் தொடவே கூடாது. தரை சுவர விடக் கருப்பா இருக்கும், ஓரிஃபைஸ் (கெனாலோட வாய்) எல்லாம் தரையும் சுவரும் சேர்ற அந்தக் கோட்டுலதான் இருக்கும். பையன் மேல் மோலார்ல எம்பி2 (சுலபமா கண்ணுல படாத ஒரு கெனால்) கிடைக்கலன்னு வந்து நின்னா நீங்க தேடிக் கொடுக்காதீங்க, அந்தக் கருப்புக் கோட்டப் பேப்பர்ல வரைஞ்சு காட்டச் சொல்லுங்க, வரையுறப்பவே எங்க கூரை இன்னும் ஒட்டிட்டு நிக்குதுன்னு அவனே கண்டுபிடிச்சுடுவான்.

வொர்க்கிங் லென்த்துக்கு (ஃபைல் எவ்ளோ நீளம் உள்ள போகணும்ங்கறதுக்கு) ஒரு நல்ல பயிற்சி இருக்கு. பல்ல கையில பிடிச்சுட்டு 10ஆம் நம்பர் கே ஃபைல மெதுவா இறக்கி, ஏபெக்ஸ்ல (வேர் நுனியில) ஃபைல் நுனி எட்டிப் பாக்குற இடத்த லூப்ல (பூதக்கண்ணாடியில) பாக்கணும், ஸ்டாப்பர (நீளத்தக் குறிக்குற ரப்பர் வளையத்த) செட் பண்ணணும், அப்படியே எக்ஸ்ரே எடுக்கணும். ஃபொரமென் (கெனால் வெளிய திறக்குற துளை) பல நேரம் வேர் நுனியில இல்லாம பக்கவாட்டுலதான் திறக்கும், அதனால எக்ஸ்ரேல ஃபைல் உள்ளயே இருக்குற மாதிரி தெரியும், கையில பாத்தா வெளிய வந்திருக்கும். இத ஒரு தடவ பாத்துட்டா 0.5ல இருந்து 1 மி.மீ. ஏன் கம்மி பண்றோம்னு தனியா லெக்சர் எடுக்க வேண்டாம்.

அடுத்தது ஃபைலிங். பையனோட நகத்தப் பாருங்க, வெளுத்துப் போயிருந்தா அழுத்தம் ஜாஸ்தி. 30ல இருந்து 60 டிகிரி, முன்னும் பின்னும், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்குற மாதிரி லேசா, அவ்ளோதான். 10ல இருந்து 15க்குப் போறப்ப எல்லாரும் முட்டுவாங்க. காரணம் சிம்பிள் கணக்கு, 0.10ல இருந்து 0.15 மி.மீ.ன்னா நுனி ஒரேயடியா 50% பெருசாகுது, 25ல இருந்து 30க்கு வெறும் 20%தான். இது தெரியாம அமுக்குறதுலதான் லெட்ஜ் (கெனால் சுவர்ல படி மாதிரி ஒரு வெட்டு) விழுது. 10ஆம் நம்பர் லூசா ஆடுற வரைக்கும் 15ஐத் தொட விடாதீங்க. வளைஞ்ச கெனால்னா ஃபைல் நுனியில 2, 3 மி.மீ. முன்னாடியே வளைச்சு, ஸ்டாப்பரோட கூர் முனை அந்த வளைவுப் பக்கம் பாக்குற மாதிரி திருப்பி வைக்கணும். ஸ்டெப் பேக்ல ஒவ்வொரு பெரிய ஃபைலுக்கும் 1 மி.மீ. குறைச்சுட்டே வரணும், நடுநடுவுல கழுவிட்டு மாஸ்டர் ஃபைல (முழு நீளத்துக்கும் போன கடைசிப் பெரிய ஃபைல்) முழு நீளத்துக்கு இறக்கிப் பாக்கணும், பசங்க ஸ்கிப் பண்றது இதத்தான், துகள் அடைச்சு நீளம் போயிடும்.

இரிகேஷன (கெனாலக் கழுவுறத) லேப்ல தண்ணிய வச்சு ஒப்பேத்தாதீங்க. கண்ணாடி போட்டுட்டு ஹைப்போவே (சோடியம் ஹைப்போகுளோரைட்) யூஸ் பண்ணட்டும், பக்கவாட்டுத் துளை ஊசி, ஊசியிலயும் ஸ்டாப்பர் போட்டு லென்த்துக்கு 2 மி.மீ. முன்னாடியே நிக்கணும், ஊசி கெனால்ல இறுகாம ஆடிட்டே இருக்கணும். பிளஞ்சர கட்டை விரலால தள்ளாம ஆள்காட்டி விரலால தள்ளச் சொன்னா அழுத்தம் தானா குறையும். ஹைப்போவும் குளோர்ஹெக்ஸிடினும் (இன்னொரு கிருமிநாசினி) சேர்ந்தா செம்பழுப்பா ஒரு படிவு வரும், அத ஒரு தட்டுல கலந்தே காட்டிடுங்க.

ஆப்சுரேஷன்ல (கெனால அடைக்கிறதுல) பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, மாஸ்டர் கோன் (அடைக்குற முதல் ஜிபி, அதாவது கட்டா பெர்ச்சா குச்சி) டக்பேக் (இழுத்தா இறுகிப் பிடிக்குற உணர்வு) இருக்கணும், ஸ்ப்ரெடர் (ஜிபிய பக்கவாட்டுல அமுக்குற கருவி) லென்த்துக்கு 1, 2 மி.மீ. முன்னாடி வரைக்கும் இறங்கணும். இறங்கலன்னா ஷேப்பிங்குக்குத்தான் திரும்பிப் போகணும், ஜிபி மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல.

மார்க் போடுறதுல ஒண்ணு. எக்ஸ்ரேல அழகா தெரியுற கேஸ் கூட உள்ள கன்னாபின்னான்னு இருக்கும். அதனால ஆளுக்கு ஒரு பல்லாவது கிளியரிங் பண்ணுங்க, நீர்த்த நைட்ரிக் ஆசிட்ல டீகால்சிஃபை பண்ணி (கால்சியத்த எடுத்து), ஆல்கஹால்ல தண்ணிய எடுத்துட்டு, மீத்தைல் சாலிசிலேட்ல போட்டா பல்லு கண்ணாடி மாதிரி ஆயிடும், விட்ட கெனால் எல்லாம் அப்படியே தெரியும். மார்க்க முதல்ல அவனையே போடச் சொல்லுங்க, அப்புறம் நீங்க போடுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப் போக ஆரம்பிச்சதும் ரோட்டரிய வெளிய எடுக்கலாம்.